முதல் கண்டெய்னர்: கரூர் தறியிலிருந்து ஹாம்பர்க் வரை

கரூரில் ஒரு சிறிய வீட்டுத்துணி ஏற்றுமதி நிறுவனத்தில் ஷிப்பிங் மேசையைப் பார்த்துக்கொள்கிறேன். சமையலறைத் துண்டு, மேசைவிரிப்பு, ஏப்ரன், மெத்தை உறை என்று ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கு. புதிதாக ஏற்றுமதியில் இறங்குகிறவர்கள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, "கண்டெய்னர் வாடகை எவ்வளவுங்க?" என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த நிமிஷம் சரக்கு யார் பொறுப்பில் இருக்கிறது?

கரூரில் கிளம்பிய பெட்டி லாரிக்காரர், யார்டு, துறைமுகம், ஃபீடர் என்ற சிறிய கப்பல், கொழும்பு முனையம், பெரிய கப்பல், ஹாம்பர்க் முனையம், அங்கிருந்து இன்னொரு லாரி என்று பல கை மாறித்தான் பையரின், அதாவது வாங்குபவரின், கிடங்குக்குப் போகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு காகிதம் உண்டு, ஒரு செலவு உண்டு, ஒரு கெடு உண்டு. நான் பார்த்த நஷ்டங்களில் நடுக்கடலில் நடந்தவை குறைவு. பெரும்பாலும் இப்படிக் கை மாறுகிற இடத்தில்தான் பணம் போயிருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியை அந்தப் பயணத்தின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

பதிவுகள்: ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள்

இதில் பெரிய கஷ்டம் இல்லை. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண் வாங்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய். உங்கள் பான் எண்தான் ஐ.இ.சி. எண்ணாகவும் வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், உள்ளே போய் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். விட்டால் எண் செயலிழந்துவிடும். அது தெரியவருவது ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸில் கொடுக்கும் ஏற்றுமதி மனு) போடுகிற அன்றைக்காக இருக்கும்.

வங்கியின் ஏ.டி. கோடை (அந்நியச் செலாவணிக்கு உங்கள் வங்கிக் கிளையைக் காட்டும் எண்) நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கஸ்டம்ஸில் பதிந்துவையுங்கள். தூத்துக்குடிக்குப் பதிந்திருந்தால் சென்னைக்கும் அது போதும் என்று நினைக்காதீர்கள். ஜி.எஸ்.டி.யில் எல்.யு.டி. என்ற உறுதிமொழிப் பத்திரம் போட்டுவிட்டால் ஏற்றுமதிச் சரக்குக்கு வரி கட்டாமலே அனுப்பலாம். அது ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டியது. உங்கள் பொருளுக்கான ஏற்றுமதி வளர்ச்சிக் கவுன்சிலிலும் உறுப்பினராகிவிடுங்கள்.

பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் மட்டும் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. நம் நாட்டில் எட்டு இலக்கம். படுக்கை, மேசை, சமையலறைத் துணிகள் 6302-ல் வரும். பின்னல் டி-ஷர்ட் 6109. டிராபேக் (ஏற்றுமதி செய்தால் திரும்பக் கிடைக்கும் வரி) எவ்வளவு, அந்த நாட்டில் இறக்குமதி வரி எவ்வளவு, வர்த்தக ஒப்பந்தச் சலுகை உண்டா என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான். பையர் பயன்படுத்தும் முதல் ஆறு இலக்கமும் உங்களுடையதும் ஒத்துப்போகிறதா என்று விலை சொல்வதற்கு முன்பே கேட்டு எழுதிவையுங்கள்.

விலையோடு சேர்த்து மூன்று எழுத்து

பன்னாட்டு வணிக சபை 1936-ல் முதன்முதலில் வெளியிட்ட இன்கோடெர்ம்ஸ் விதிகள் இப்போது 2020 பதிப்பில் 11 இருக்கின்றன. எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான். செலவு எதுவரை யாருடையது, அபாயம் எதுவரை யாருடையது என்ற இரண்டையும் இந்த மூன்று எழுத்து முடிவு செய்கிறது. செலவின் எல்லையும் அபாயத்தின் எல்லையும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சி.ஐ.எஃப். ஹாம்பர்க் என்றால் கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் ஹாம்பர்க் வரை உங்கள் செலவு. ஆனால் அபாயம் தூத்துக்குடியில் கப்பலில் ஏறியதுமே பையருக்குப் போய்விடுகிறது.

நம் ஊரில் பழக்கம் எஃப்.ஓ.பி.: சரக்கு கப்பலில் ஏறும்வரை செலவும் அபாயமும் உங்களுடையது. கண்டெய்னர் சரக்குக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்டெய்னரை யார்டில் ஒப்படைத்ததோடு அது உங்கள் கையை விட்டுப் போய்விடும். கப்பலில் ஏற இன்னும் மூன்று நான்கு நாள் ஆகலாம். அதுவரை மழையில் நனைந்தாலும் கிரேனில் அடிபட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். இதற்காகத்தான் கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. போடச் சொல்கிறது வணிக சபை: குறித்த இடத்தில் ஒப்படைத்ததும் பொறுப்பு மாறிவிடும். பையர் எஃப்.ஓ.பி.யில்தான் பிடிவாதமாக இருக்கிறார் என்றால் சரி, ஒத்துக்கொள்ளுங்கள். அந்த இடைநாட்களுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.

முதல் ஆர்டருக்கு டி.டி.பி. (பையரின் இடம்வரை எல்லாம் உங்கள் பொறுப்பு) வேண்டவே வேண்டாம் என்பேன். அந்த நாட்டு இறக்குமதி வரி, கஸ்டம்ஸ் தகராறு எல்லாம் உங்கள் தலையில் விழும். இ.எக்ஸ்.டபிள்யூ.வும் (உங்கள் வாசலிலேயே பையர் சரக்கை எடுத்துக்கொள்வது) வேண்டாம்; ஏற்றுமதிக் கிளியரன்ஸ் பையரின் பொறுப்பாகிவிடும். நம் நாட்டில் ஷிப்பிங் பில் உங்கள் பெயரில் இருந்தால்தான் டிராபேக் உங்களுக்கு வரும்.

பணம் வாங்கும் முறையையும் இதே பேச்சில் முடித்துக்கொள்ளுங்கள். புதிய பையர் என்றால் ஒரு பகுதி முன்பணம், மீதி பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) நகலைப் பார்த்து அனுப்புவது ஒரு வழி, எல்.சி. (காகிதங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி கொடுக்கும் உறுதி) இன்னொரு வழி. கடனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 1957 முதல் இயங்கும் மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனத்தை, இ.சி.ஜி.சி.யை, அணுகுங்கள். பையர் பணம் தராமல் போகும் அபாயத்துக்கு அவர்களிடம் பாலிசி உண்டு.

பின்னாலிருந்து நாள் எண்ணுங்கள்

பையர் சொல்வது ஒரே ஒரு தேதிதான். மற்றவற்றை எல்லாம் அதிலிருந்து நீங்கள் பின்னோக்கி எண்ண வேண்டும். ஹாம்பர்க் கிடங்கில் வேண்டிய நாள், அதற்கு முன் கடல் நாட்கள், கொழும்பில் காத்திருப்பு, தூத்துக்குடி கட்-ஆஃப் (கண்டெய்னர் துறைமுகத்துக்குள் போய்விட வேண்டிய கடைசி நேரம்), பேக்கிங், இன்ஸ்பெக்‌ஷன், தையல், பிரிண்டிங், சாயம், நெசவு, நூல் என்று இறங்கிக்கொண்டே போகும். எங்கள் மேசைக்கு மேல் இந்தப் பட்டியல் பெரிய அட்டையில் தொங்குகிறது.

எந்த ஆர்டரையும் நிறுத்துவது அதிலுள்ள விலை குறைந்த பொருளாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். துணி ரெடி, தையல் ரெடி, ஆனால் வாஷ்கேர் லேபிள் வரவில்லை. லேபிளின் விலை சில பைசா. அது இல்லாமல் ஒரு துண்டைக்கூட மடித்துப் பையில் போட முடியாது. பையரே குறித்துக்கொடுத்த லேபிள்காரரிடம்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அவருக்கு ஆர்டர் நூலுக்கு முன்னாலேயே போக வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் பழக்கத்தில் இருக்கட்டும். சாயத்துக்கு அவர் கட்டாயம். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டதற்கு வந்த நியாயமான தீர்ப்பு அது. ஆனால் அன்று கையில் ஆர்டர் வைத்திருந்தவர்கள் துணியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். உங்கள் சாயப்பட்டறையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆற்றுக்கும் நல்லது, உங்கள் தேதிக்கும் நல்லது. சாயத்தில் சேரும் ரசாயனத்தையும் கேளுங்கள்: சில வகை அசோ சாயங்களை ஜெர்மனி 1990-களிலேயே தடை செய்துவிட்டது, பிறகு ஐரோப்பிய ஒன்றியமும் தடுத்தது. லேப் ரிப்போர்ட் இல்லாமல் பேக்கிங்குக்குப் போகாதீர்கள்.

காலண்டரில் தீபாவளி, பொங்கல் வாரங்களை முதலிலேயே அடித்துவிடுங்கள். தையல் ஆட்கள் ஊருக்குப் போனால் திரும்பிவர நாளாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தென்கடற்கரைக்கு மழைக்காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது தூத்துக்குடி வட்டாரமே வெள்ளத்தில் மூழ்கியது. சாலை இல்லாமல் கட்-ஆஃபைப் பிடிப்பது எப்படி? மழை மாதங்களில் நான்கைந்து நாள் கூடுதலாக வைத்துத்தான் நாங்கள் தேதி சொல்கிறோம்.

பெட்டியின் அளவில் ஒளிந்திருக்கும் பணம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

நாற்பதடி ஹைக்யூப் (உயரம் கூடிய) கண்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 12.03 மீட்டர் நீளம், 2.35 அகலம், 2.69 உயரம். உங்கள் அட்டைப்பெட்டி 60 × 40 × 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டி 0.096 கனமீட்டர். புதியவர்கள் 68 கனமீட்டர் பிடிக்கும் என்று எடுத்து வகுத்து, 708 பெட்டி போகும் என்று பையருக்கு எழுதிவிடுவார்கள். எல்லாப் பெட்டியையும் ஒரே திசையில் வைத்து உண்மையில் அடுக்கிப் பாருங்கள்: நீளவாக்கில் 20, அகலத்தில் 5, உயரத்தில் 6. மொத்தம் 600. அகலத்தில் 35 சென்டிமீட்டரும் உயரத்தில் 29 சென்டிமீட்டரும் வெறும் காற்று. ஏறிய சரக்கு 57.6 கனமீட்டர்தான்.

இப்போது பெட்டியை 59 × 45 × 42 ஆக மாற்றுங்கள். அதே 20, அதே 5, அதே 6. அதே 600 பெட்டி. ஆனால் ஏறுவது 66.9 கனமீட்டர். ஒரே வாடகையில் 9 கனமீட்டருக்கு மேல் கூடுதல் துண்டு போகிறது, பெட்டி உப்பினாலும் இடம் இருக்கிறது. பையர் வைத்திருக்கும் பெட்டி எடை வரம்பை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இந்தக் கணக்கைச் செய்ய ஒரு தாளும் பென்சிலும் பத்து நிமிஷமும் ஆகும். அட்டைப்பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கண்டெய்னர் நிரம்பாத சரக்கு என்றால் எல்.சி.எல்.லில் மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து அனுப்பலாம்; கனமீட்டர், டன் இரண்டில் எது அதிகமோ அதற்கு வாடகை. அவசரத்துக்கு விமானம் என்றால் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டாவது பெட்டியில் 12 கிலோ துணி இருந்தாலும் கணக்கு எடை 18.6 கிலோ வரும்.

ஃபார்வர்டரிடம் கேட்க வேண்டியது

கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பித்தருபவர்தான் ஃபார்வர்டர். கப்பல் வாடகையை மட்டும் ஒப்பிட்டு அவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒருமுறை மூன்று விலைப்பட்டியல்களில் மிகக் குறைவானதை எடுத்தோம். முனையக் கட்டணம், பி.எல். கட்டணம், சீல், ஆவணக் கட்டணம் என்று பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் மற்ற இருவரையும்விட அதிகமாகக் கட்டினோம். அப்போதிருந்து "கண்டெய்னர் எங்கள் வாசலை விட்டதிலிருந்து பி.எல். கைக்கு வரும்வரை மொத்தம் எவ்வளவு, வரிவரியாக எழுதித் தாருங்கள்" என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த கேள்வி, எந்த வழி? தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கண்டெய்னர் பொதுவாக ஃபீடரில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். ஃபீடர் தாமதமானால் பெரிய கப்பல் காத்திருக்காது. ஆகவே கொழும்பில் இரண்டு கப்பலுக்கும் இடையே எத்தனை நாள் விட்டிருக்கிறார்கள், தவறினால் அடுத்த கப்பல் எப்போது என்று கேளுங்கள். அப்புறம் அந்தக் கப்பல் சூயஸ் வழியா, நன்னம்பிக்கை முனை வழியா? 2023 நவம்பரில் செங்கடலில் ஹூதிகளின் தாக்குதல் தொடங்கியதும் பெரிய நிறுவனங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. சுற்றுவழி என்றால் ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாள் கூடும். பழைய ஷிப்மென்ட்டின் நாட்களை வைத்துப் பையருக்குத் தேதி கொடுக்காதீர்கள். புக்கிங் போடும் வாரத்தில் புதிதாகக் கேளுங்கள்.

கண்டெய்னர் வாசலுக்கு வரும் நாள்

காலிக் கண்டெய்னர் வந்ததும் உள்ளே போய்க் கதவை முழுதாகச் சாத்தச் சொல்லுங்கள். இருட்டில் எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே ஓட்டை. தரைப்பலகையைக் கையால் தடவிப் பாருங்கள், ஈரம் இருக்கக் கூடாது. முகர்ந்து பாருங்கள், முன்பு ஏற்றிய ரசாயனம், தோல், மீன் எதன் நாற்றமும் துணியில் ஏறிவிடும். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். டிரைவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

கடலில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது கூரையில் நீர் கோத்துப் பெட்டிகள் மேல் சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். அதைவிட முக்கியம், துணியே நன்றாகக் காய்ந்திருப்பது. மழைநாளில் அவசரமாக மடித்த துண்டில் உள்ள ஈரம் பூஞ்சையாகத்தான் ஹாம்பர்க்கில் இறங்கும்.

பெட்டிகளை அடுக்க மரப் பலகைத்தட்டு (பாலெட்) பயன்படுத்தினால், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிஷம் பதப்படுத்தப்பட்டதற்கான முத்திரை அதில் குத்தியிருக்க வேண்டும். ஐ.எஸ்.பி.எம். 15 என்று கேளுங்கள். பூச்சியும் நோயும் மரத்தோடு நாடு விட்டு நாடு போகாமலிருக்கத்தான் இந்த விதி. எங்களுக்கு ஒருமுறை ஆறு தட்டுகளில் ஒன்றில் முத்திரை இல்லை. கடைசி நேரத்தில் பக்கத்திலிருந்து வாங்கிச் சேர்த்த தட்டு அது. அந்த ஒன்றுக்காக மொத்தச் சரக்கும் அங்கே நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு தட்டின் முத்திரையையும் போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

ஏற்றும்போது கால்வாசி, பாதி, முக்கால், முழுசு என்று நான்கு போட்டோ. பிறகு கதவு சாத்தியது, சீல் எண் தெளிவாகத் தெரிவது. தொழிற்சாலையிலேயே சீல் வைக்க அனுமதி வாங்கியிருந்தால் மின்னணு சீலின் எண்ணை ஷிப்பிங் பில்லோடு ஒத்துப் பாருங்கள். உங்கள் வாசலில் நடக்கும் கைமாற்றத்துக்கு இந்தப் போட்டோக்கள்தான் சாட்சி.

தூத்துக்குடியில்

லாரிக்குக் கரூரிலிருந்து தூத்துக்குடி ஒரு ராத்திரி ஓட்டம். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் அது. துறைமுகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே கொழும்புக்கு ஃபீடர் ஏற்றும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும், அவர் கப்பல் ஓட்டியதும் இதே கொழும்புப் பாதையில்தானே.

இங்கே உங்கள் கை கஸ்டம்ஸ் புரோக்கர். ஷிப்பிங் பில்லை லாரி கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். சரக்குடன் கண்டெய்னரின் மொத்த எடையை, வி.ஜி.எம்.மை, கொடுக்காமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். 2016 ஜூலை 1 முதல் இது உலகம் முழுக்க உள்ள பாதுகாப்பு விதி. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் மூன்றிலும் பெட்டி எண்ணிக்கையும் எடையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்; அந்த எடையோடு காலிக் கண்டெய்னரின் எடையும் சேர்ந்ததுதான் வி.ஜி.எம். ஏற்றுமதிக்கு அனுமதி கிடைத்து, கப்பல் கிளம்பி, ஏற்றிய சரக்குகளின் பட்டியலைக் கப்பல் தரப்பு தாக்கல் செய்தால்தான் டிராபேக் உங்கள் கணக்குக்கு வரும். வராவிட்டால் முதலில் இந்தப் பட்டியலைத்தான் விசாரிக்க வேண்டும்.

பி.எல். என்ற காகிதம்

பில் ஆஃப் லேடிங், நம் பேச்சில் பி.எல். மூன்று அசல் பிரதிகள் தருவார்கள். 'ஆர்டருக்கு' என்று எழுதிய அசல் பி.எல். யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஹாம்பர்க்கில் சரக்கைக் கேட்க முடியும். மீதிப் பணம் வராமல் அதைக் கூரியரில் போடாதீர்கள். "டெலக்ஸ் ரிலீஸ் கொடுத்துவிடுங்கள், அவசரம்" என்று பையர் கேட்டால், அசலை இங்கேயே ஒப்படைத்துவிட்டு அங்கே சரக்கை விடச் சொல்கிறீர்கள் என்று பொருள். அதுவும் பணம் வந்த பிறகுதான்.

பி.எல். டிராப்ட் வந்ததும் இரண்டு பேர் தனித்தனியாகப் படியுங்கள், ஒருவர் எல்.சி.யைச் சத்தமாக வாசிக்க மற்றவர் டிராப்டில் விரலை வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. எல்.சி.க்கு வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும்தான், துண்டின் தரத்தை அது பார்க்காது. எல்.சி. வேறு சொல்லாவிட்டால், கப்பலேறிய 21 நாளுக்குள் காகிதங்களைக் கொடுத்துவிட வேண்டும். பார்த்துச் சொல்ல வங்கிக்கு ஐந்து வேலைநாள். பொருள் விவரம், துறைமுகப் பெயர், கடைசி ஷிப்மென்ட் தேதி எதில் பிசகினாலும் கட்டணம் பிடிப்பார்கள், அல்லது பையர் சம்மதிக்கும்வரை பணம் நிற்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்கு அனுப்புங்கள்" என்று உங்கள் பெயரில் யாரோ பையருக்கு மெயில் அனுப்புவார்கள். பணம் வேறு எங்கோ போய்விடும். கணக்கு மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும் ஏற்கெனவே தெரிந்த எண்ணில் போன் செய்து குரல் கேட்டு உறுதிசெய்த பிறகே நடவடிக்கை என்று முதல் ஆர்டரிலேயே இருவரும் எழுத்தில் ஒத்துக்கொள்ளுங்கள்.

கடலில் இருக்கும்போது

இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டியது நீங்களா பையரா என்பது அந்த மூன்று எழுத்தைப் பொறுத்தது. சி.ஐ.எஃப்.பில் குறைந்தபட்சமாக 'சி' வகைப் பாலிசி போதும் என்று விதி சொல்கிறது. அதில் மழைநீர் நனைவோ திருட்டோ அடங்காது. துணிக்கு அதைவிட விரிவான 'ஏ' வகையே எடுங்கள், இன்வாய்ஸ் மதிப்பில் 110 சதவீதத்துக்கு.

2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸில் குறுக்கே சிக்கி ஆறு நாள் கால்வாயை அடைத்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதன் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். கப்பலை மீட்ட செலவைக் கப்பலும் சரக்குகளும் பங்கிட்டுக்கொள்ளும் பழைய கடல்வழக்கம் ஒன்று உண்டு. அதன்படி சரக்குக்காரர்கள் உத்தரவாதம் கொடுத்தால்தான் கண்டெய்னரை எடுக்க முடியும் என்றாகிவிட்டது. பாலிசி வைத்திருந்தவர்களுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் அதைக் கொடுக்கும். இல்லாதவர் கைக்காசைத்தான் கட்ட வேண்டும். 2016 ஆகஸ்ட் கடைசியில் கொரியாவின் ஹன்ஜின் நிறுவனம் நொடித்தபோதோ, கட்டணம் வராது என்று பல துறைமுகங்கள் அதன் கப்பல்களை உள்ளே விடவில்லை. சரக்கோடு கப்பல்கள் கடலில் நின்றன. பெரிய ஆர்டராக இருந்தால் இரண்டு கப்பல் நிறுவனங்களில் பிரித்து ஏற்றுங்கள்.

கண்டெய்னர் எண்ணை இணையத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். கொழும்பில் கப்பல் தவறினால் அன்றைக்கே பையருக்கு எழுதிவிடுங்கள். கெட்ட செய்தியை நீங்களே முதலில் சொன்னால் அவர் தன் கடைகளுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வார். அடுத்த ஆர்டரும் வரும். ஹாம்பர்க்கில் இறங்கியதும், கட்டணம் இல்லாமல் கண்டெய்னரை வைத்திருக்கக்கூடிய இலவச நாட்கள் ஓடத் தொடங்கும். கண்டெய்னர் முனையத்திலேயே கிடந்தால் டிமரேஜ், எடுத்துப்போய்க் காலியைத் திருப்பாவிட்டால் டிடென்ஷன். காகிதங்கள் கப்பலுக்கு ஒரு வாரம் முன்னால் போய்ச் சேர்ந்தால் இவற்றைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

சரக்கு சேர்ந்த பிறகு

பையர் கதவைத் திறக்கும் முன் சீல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வாசலில் எடுத்த எண்ணோடு பொருந்தினால், வழியில் யாரும் கதவைத் தொடவில்லை.

பிறகு பின்னோக்கி எண்ணித் தேதிகள் எழுதிய அந்த அட்டையைக் கீழே இறக்குங்கள். திட்டமிட்ட ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் உண்மையில் நடந்த தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள்: நூல் வந்த நாள், லேபிள் வந்த நாள், துறைமுகக் கேட்டுக்குள் நுழைந்த நாள், கொழும்பில் காத்திருந்த நாட்கள், பணம் வந்த நாள். இரண்டாவது ஆர்டருக்குப் பையர் தேதி கேட்டு எழுதும்போது சிவப்பு மைத் தேதிகளைப் பார்த்துப் பதில் எழுதுங்கள்.